டெல்டாவில் ஊர் வளரும்போது வடிகாலை முதலில் வரையுங்கள்

கும்பகோணத்தை ஒட்டிய ஓர் ஊராட்சியின் வார்டு உறுப்பினர் கேட்ட கேள்வி இது. ஊரைச் சுற்றியிருந்த நஞ்சையில் பாதி சில வருடங்களுக்குள் மனையாகிவிட்டது. முன்பு தண்ணீரே நிற்காத தெருக்களில் இப்போது ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் அளவுக்கு நிற்கிறது. எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) புதிதாகப் போடப் போகிறார்கள் என்று பேச்சு. அதில் எங்கள் ஊருக்கு என்ன கேட்டுப் பெற வேண்டும்?

நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வளர்ச்சி நடப்பது உங்கள் ஊர் மாதிரி ஊர்களில்தான். 2011 கணக்கெடுப்பில் கும்பகோணம் நகராட்சியின் மக்கள்தொகை 1,40,156. 2001-லும் ஏறக்குறைய இதே அளவுதான். தஞ்சாவூர் 2,22,943, பத்து வருடத்தில் சில ஆயிரம் பேர்தான் கூடியிருந்தார்கள். இந்த எண்களை வைத்து நகரம் தேங்கிவிட்டது என்று சொன்னால் தவறு. கூடிய குடும்பங்கள் எல்லைக்கு வெளியே, பக்கத்து ஊராட்சிகளிலும் புறவழிச்சாலை ஓரங்களிலும் வீடு கட்டிக்கொண்டன. பொறியாளரும் நகரமைப்பு அலுவலரும் நகரத்தில் இருக்கிறார்கள், புது வீடுகள் ஊராட்சியில் முளைக்கின்றன. இந்த இடைவெளியில்தான் உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது.

முதலில் மட்டப் படம் கேளுங்கள். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 57 மீட்டர் உயரம். அங்கிருந்து நாகப்பட்டினம் கடற்கரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வாட்டம்கூட இல்லை. மற்ற ஊர்களுக்குப் போடுவதுபோல ஒரு மீட்டர் இடைவெளியில் சமமட்டக் கோடு வரைந்து கொடுத்தால், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே உங்கள் ஊர் முழுதும் அடங்கிவிடும். படம் தட்டையாகத் தெரியும், அதை நம்பிச் சாலை போடுவார்கள். டெல்டாவுக்கு 25 செ.மீ. இடைவெளியில் கோடு வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவில் பிழையே சில மீட்டர் வரும், அதை இங்கே பயன்படுத்த முடியாது. ட்ரோன் லேசர் அளவீடு, இல்லாவிட்டால் தெருத் தெருவாக லெவல் எந்திரம் வைத்து எடுப்பது, இரண்டில் ஒன்று. செலவுதான். ஆனால் தவறாகப் போட்ட ஒரு கிலோமீட்டர் சாக்கடையை இடித்துக் கட்டும் செலவைவிடக் குறைவு.

அடுத்தது வாய்க்கால். மனை போடுகிறவரும், பல நேரம் அதிகாரிகளும் இதில்தான் குழப்பிக்கொள்கிறார்கள். பாசன வாய்க்கால் வேறு, வடிகால் வேறு. பாசன வாய்க்கால் மேட்டில் ஓடும். அதிலிருந்து வயலுக்குத் தண்ணீர் தானாக இறங்க வேண்டும் அல்லவா? அது ஆற்றுத் தலைப்பில் அகலமாகத் தொடங்கி, ஏ, பி, சி, டி என்று கிளை பிரிந்து, வழியெல்லாம் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே போய்க் கடைமடையில் ஒரு முழ அகலத்துக்கு ஒடுங்கிவிடும். வடிகால் இதற்கு நேர்மாறு. பள்ளத்தில் ஓடும், ஒவ்வொரு வயலிலும் மிஞ்சும் தண்ணீரை வாங்கிக்கொண்டு போகப் போக அகலமாகும்.

நகர் உருவானதும் என்ன செய்கிறார்கள்? சாகுபடி போய்விட்டது, பாசன வாய்க்கால் சும்மாதானே கிடக்கிறது என்று தெருவின் மழைநீரை அதில் திருப்பிவிடுகிறார்கள். மேலே ஐந்து தெருவின் தண்ணீர் சேருகிறது, கீழே வாய்க்கால் குறுகிக்கொண்டே போகிறது. கடைசித் தெருவில் உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போகாமல் வேறு எங்கே போகும்? வடிகாலைப் பள்ளம் என்று சொல்லித் தூர்த்து, அதன்மேல் சாலை போடுவது இன்னொரு தவறு. இரண்டும் ஒரே நகரில் நடந்திருந்தால் எத்தனை மோட்டார் வைத்து இறைத்தாலும் பயனில்லை.

சில இடங்களில் மேல் ஊருக்கு வடிகாலாக இருப்பதுதான் கீழ் ஊருக்குப் பாசனம். ஒரு சட்ரஸ் (ஏற்றி இறக்கும் கதவு) வைத்து மடக்கி வயலுக்குப் பாய்ச்சுவார்கள். உங்கள் ஊர்க் கழிவறைத் தண்ணீரை வடிகாலில் விட்டால், நாலு மைல் தள்ளி ஒருவர் அதில் நின்றுதான் நாற்று நடுவார். இந்த இணைப்பைப் படத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

பெரிய வாய்க்கால்கள் கிராம வரைபடத்தில் தனிப் புல எண்ணோடு புறம்போக்காக இருக்கும். பட்டா நிலங்களுக்கு நடுவே வயலிலிருந்து வயலுக்கு ஓடுகிற கன்னி வாய்க்காலும் வடி வாய்க்காலும் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. நிலம் கைமாறியதும் முதலில் மறைவது இவைதான், சட்டப்படி அங்கே ஆக்கிரமிப்பு என்றே சொல்ல முடியாது. ஊரில் மடை பார்த்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களை அழைத்துக்கொண்டு நடந்து, புல வரைபடத்தின் நகலில் பாசனத்துக்கு நீலம், வடிகாலுக்குச் சிவப்பு என்று கோடு போடுங்கள். திட்டத்தில் வடிகாலுக்கு இரு கரையிலும் தூர் வாரும் எந்திரம் போகிற அளவுக்கு, ஒரு பக்கமாவது 4 மீட்டர், வெற்றிடம் வேண்டும் என்று கேளுங்கள். வடிகாலின் மேல் சிமெண்ட் பலகை போட்டு மூடவே கூடாது. மூடிய வடிகாலை யாரும் தூர் வாருவதில்லை. மூன்றாவது வருடம் அதற்குள் சேறும் பிளாஸ்டிக்கும்தான் இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம், பத்து ஏக்கர் நஞ்சை, அதாவது முப்பது மா. ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்கிறது. ஓர் ஏக்கரில் விழுவது சுமார் 405 கன மீட்டர். பத்து ஏக்கரில் ஏறக்குறைய 40 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அள்ளினால் 337 லாரி. சம்பா வயலில் ஏற்கெனவே இரண்டு அங்குலத் தண்ணீர் நின்றாலும், ஓர் அடி உயர வரப்பு இந்த மழையில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்து, இரண்டு மூன்று நாளில் மெல்ல வடிகாலுக்கு விடும். அதே நிலத்தில் சாலையும் மாடியும் சிமெண்ட் வாசலும் வந்துவிட்டால், பாதிக்கு மேல் சில மணி நேரத்தில் ஓடிவரும். அதாவது 2,000 கன மீட்டருக்குப் புதிதாக ஓர் இடம் வேண்டும்.

அந்த இடம் சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி பெரிய மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கான பொது ஒதுக்கீட்டு இடமாக விட வேண்டும். பத்து ஏக்கரில் சாலைக்கு மூன்று ஏக்கர் போனால் முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு, அதாவது சுமார் 2,800 சதுர மீட்டர். அந்தப் பூங்காவைச் சுற்றுத் தெருவைவிட முக்கால் மீட்டர் தாழ்த்தி அமைத்தால் ஏறக்குறைய 2,000 கன மீட்டர் அதில் நிற்கும். கணக்கு இவ்வளவு பொருந்தி வருவது அபூர்வம். ஆனால் டெல்டாவில் பல பூங்காக்களுக்கு இதற்கு நேர் எதிராக, மண் கொட்டி மேடாக்கிச் சுற்றுச்சுவர் எழுப்பிவிடுகிறார்கள். மனை போகாத மூலையில் ஒதுக்கீட்டு இடத்தைத் தள்ளிவிடுவதும் உண்டு. மூலை மேட்டில் இருந்தால் தண்ணீர் அங்கே எப்படி ஏறும்? ஒதுக்கீட்டு இடம் மனைப்பிரிவின் தாழ்ந்த முனையில், வடிகாலை ஒட்டி இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே எழுதச் சொல்லுங்கள். கரைச் சரிவு ஒன்றுக்கு நாலு இருந்தால் குழந்தை விழுந்தாலும் நடந்து ஏறிவிடும். வெளியேற ஓர் 8 அங்குலக் குழாய் போதும், தேங்கியது ஒரு நாளில் வடியும். குழாய் வாயில் வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் தொங்கு மூடி கட்டாயம். ஆறு நிறைந்து ஓடும் நாளில் வடிகாலும் நிறைந்து, தண்ணீர் திரும்பி ஏறும். மூடி இல்லாத இடத்தில் மழை நின்ற பிறகும் நகருக்குள் தண்ணீர் கூடிக்கொண்டே போகும்.

முக்கால் மீட்டர் மட்டும்தானா, இன்னும் ஆழமாக வெட்டலாமே என்று தோன்றும். மழைக்காலத்தில் இங்கே நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்துக்கு வந்துவிடும். இரண்டு மீட்டர் பள்ளம் வெட்டினால் மழைக்கு முன்பே ஊற்றுநீர் அதை நிரப்பிவிடும், மழைநீருக்கு இடம் இருக்காது. குளமாகவே வேண்டும் என்றால் ஆழமாக வெட்டலாம். வெள்ளம் பிடிக்க வேண்டும் என்றால் பரப்பு பெரிதாக, ஆழம் குறைவாக இருப்பதே நல்லது.

மனையை உயர்த்துவது பற்றியும் சொல்ல வேண்டும். அதே பத்து ஏக்கரை மூன்றடி உயர்த்த 13,000 யூனிட் சவுடு மண் வேண்டும் (ஒரு யூனிட் 100 கன அடி). மூன்று யூனிட் டிப்பரில் 4,300 நடைக்கு மேல். அந்த மண் ஏதோ ஓர் ஏரியிலிருந்தோ படுகையிலிருந்தோ வருகிறது, அது ஒரு கேடு. புது நகர் மூன்றடி உயர்ந்ததும் பக்கத்துப் பழைய தெரு மூன்றடிப் பள்ளமாகிறது, அது அடுத்த கேடு. நீர்வளத்துறையின் தடையில்லாச் சான்று பெரும்பாலும் அந்தந்த மனையைத் தனித்தனியாகப் பார்த்து, இவ்வளவு உயர்த்திக்கொள் என்று சொல்லிவிடுகிறது. இருபது மனைப்பிரிவும் சேர்ந்து உயர்ந்தால் நடுவில் இருக்கும் பழைய ஊர் என்னவாகும் என்பதைப் பார்க்க முழுமைத் திட்டத்தை விட்டால் வேறு இடமில்லை. ஊர் முழுதுக்கும் ஒரே முடிவு மட்டம் குறித்து, அதற்கு மேல் யாரும் மண் அடிக்கக் கூடாது, வீட்டைத் தூண்மேலோ உயர்ந்த அடித்தளத்திலோ கட்டிக்கொள்ளலாம் என்று விதி வையுங்கள். தார்ச்சாலைக்கும் இது பொருந்தும். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று அரசு உத்தரவு இருக்கிறது. ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

நம் பழைய ஊர்களில் இதற்கு விடை கண்ணெதிரே இருக்கிறது. குளம் வெட்டிய மண்ணைக் கொட்டித்தான் குடியிருப்பை மேடாக்கினார்கள். அதனால்தான் நத்தம் மேட்டிலும் குளம் அதன் பக்கத்திலும் இருக்கின்றன. திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பார்கள் (ஒரு வேலி சுமார் ஆறரை ஏக்கர்). கட்டடத்துக்கு எவ்வளவு நிலமோ அவ்வளவு தண்ணீருக்கு. தஞ்சாவூரில் செவ்வப்ப நாயக்கன் ஏரியில் மழைநீரைத் தேக்கித் தெளியவிட்டு, தரைக்கடி நீர்வழியால் சிவகங்கைக் குளத்துக்கும் அங்கிருந்து அய்யன்குளத்துக்கும் கொண்டுபோனார்கள். இந்தக் குளங்களைத் தூர் வாரி நடைபாதை போடுவது மட்டும் புதுப்பித்தல் ஆகாது. வரத்து வாய்க்காலும் போக்கு வாய்க்காலும் திறந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவை அடைபட்டிருந்தால், எவ்வளவு அழகாகக் கரை கட்டினாலும் குளத்துக்கு மழைநீர் வராது, நிறைந்தால் வெளியே போகவும் வழி இருக்காது.

சாலை. இங்கே தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. கிழக்கு மேற்காகப் போகும் சாலை தண்ணீரோடு சேர்ந்து போகும். வடக்கு தெற்காகக் குறுக்கே போகும் புறவழிச்சாலை ஓர் அணை மாதிரி. ஆகவே அப்படிப்பட்ட சாலைக்கு ஒவ்வொரு வடிகாலிலும் பாலம் வேண்டும். திறப்பு வடிகாலின் முழு அகலத்துக்கு, தரை வடிகாலின் அடிமட்டத்துக்கு. தரையை ஓரடி உயர்த்திக் கட்டிவிட்டால் மேற்கே ஓரடித் தண்ணீர் எப்போதும் தேங்கும். செலவு குறைவு என்று மூன்று நாலு குழாய் பதிப்பதைவிட ஒரே அகலமான பெட்டிப் பாலம் நல்லது. ஆகாயத்தாமரை வந்து சேர்ந்தால் குழாய் ஒரே இரவில் அடைத்துவிடும், பெட்டியை ஆள் இறங்கி எடுத்துவிடலாம்.

கழிவுநீருக்கு வருவோம். பாதாளச் சாக்கடை கேட்டு மனுக் கொடுப்பதற்கு முன்னால் இதை யோசியுங்கள். 200 மி.மீ. குழாயில் கழிவு தேங்காமல் ஓட 1,000-க்கு 4 என்ற வாட்டம் வைப்பார்கள். கிலோமீட்டருக்கு நாலு மீட்டர் இறங்க வேண்டும். நம் தரை ஒரு மீட்டர்கூட இறங்குவதில்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் தொடங்கிய குழாய் ஒரு கிலோமீட்டரில் நாலு மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். அங்கே ஓர் இறைப்பு நிலையம் கட்ட வேண்டும். குழாய் முழுதும் நிலத்தடி நீரில் கிடக்கும். மூட்டு ஒன்று விலகினால் வெளியே இருக்கிற தண்ணீர் உள்ளே பாயும், கூடவே மணலையும் இழுத்து வரும். மேலே சாலை பார்க்க நன்றாக இருக்கும், அடியில் குகை. ஒரு நாள் லாரி போகும்போது உள்வாங்கிவிடும். டெல்டாவில் சாலை திடீரென்று உள்வாங்கும் செய்திகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

நெருக்கமான பழைய நகருக்குப் பாதாளச் சாக்கடையைத் தவிர்க்க முடியாது. உங்கள் மாதிரிப் பரவிய புறநகருக்கு என் யோசனை வேறு. வீட்டுக்கு வீடு ஒழுங்கான செப்டிக் டேங்க். அதிலிருந்து வெளிவரும் திடப்பொருள் இல்லாத தண்ணீருக்கு மட்டும் சிறிய, ஆழமில்லாத குழாய். நூறு, இருநூறு வீட்டுக்கு ஒரு நாணல் படுகைச் சுத்திகரிப்பு, அதாவது நாணல் வளர்த்த படுகை வழியாகத் தண்ணீரை விட்டுச் சுத்தமாக்குவது. திடம் இல்லாததால் இந்தக் குழாய்க்குக் குறைந்த வாட்டம் போதும். ஐந்து பேர் வீட்டுக்கு டேங்க் நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் முக்கால் மீட்டர், நீர் ஆழம் ஒரு மீட்டர். அடியும் பக்கமும் பூசி, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இப்போது பெரும்பாலான வீடுகளில் இருப்பது நாலு சிமெண்ட் உறையை இறக்கிய குழி. அதற்கு அடி கிடையாது. கார்த்திகையில் நிலத்தடி நீர் உறைக்குள் ஏறி, கழிவறையில் ஊற்றின தண்ணீர் இறங்காமல் திரும்பி வரும். அதே தண்ணீர் பக்கத்து வீட்டு அடிபம்புக்கும் போகும். புதுக் கட்டட அனுமதிக்கு முன் டேங்க்கின் அடிப்பலகை போட்டிருக்கிறதா என்று ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட்டால் போதும், பாதி நோய் குறையும்.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துவிட்டதே, வயல் தப்பிக்காதா என்று பலர் கேட்கிறார்கள். 2020-ல் வந்த அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயு எடுப்பதையும் உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற சில தொழில்களையும் புதிதாக வரவிடாமல் தடுக்கிறது. வீட்டு மனையை அது தடுப்பதில்லை. அதற்கு முழுமைத் திட்டத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடம்தான் வழி. வீடு கட்ட இடமே தராமல் எல்லாவற்றையும் விவசாயம் என்று பச்சை பூசினால் அனுமதியில்லாத மனைகள்தான் பெருகும். எங்கே கட்டலாம் என்று தாராளமாகவே காட்டுங்கள்: பழைய நத்தத்தை ஒட்டிய மேடு, கிழக்கு மேற்குச் சாலைகளின் ஓரம், ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரம். வடிகாலின் இரு பக்கத் தாழ்நிலத்தைக் கண்டிப்பாகக் காப்பாற்றுங்கள். கோயில், மடத்து நிலங்கள் எளிதில் கைமாறாததால் பல இடங்களில் இன்னும் வயலாகவே இருக்கின்றன. அவற்றைத் தொடர்ச்சியான பசுமைப் பட்டையாகக் குறிக்கலாம்.

மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று தனித்தனியாக மனை போடும்போது ஒருவர் தெரு அடுத்தவர் தெருவோடு சேராது, சாக்கடையும் சேராது. குஜராத்தில் 1976-ம் வருடச் சட்டத்தின் கீழ் செய்வதுபோல, நூறு ஏக்கரை ஒன்றாக எடுத்து, எல்லோரும் ஒரு பங்கு நிலத்தைச் சாலைக்கும் வடிகாலுக்கும் பூங்காவுக்கும் கொடுத்து, மீதியை ஒழுங்கான மனையாகத் திரும்பப் பெறுவதே இதற்குச் சரியான தீர்வு. தமிழ்நாட்டிலும் நிலச் சேர்ப்புக்கு வழி செய்யப்பட்டிருக்கிறது. யாரும் முழு நிலத்தை இழப்பதில்லை, சிறு விவசாயிக்கும் சாலை முகப்பு கிடைக்கும். ஒன்றிரண்டு பேர் சம்மதிக்காவிட்டால் இழுபடும். குத்தகைதாரருக்கு என்ன பங்கு என்பதை ஆரம்பத்திலேயே எழுதாவிட்டால் வழக்கு வரும்.

2028-ல் கும்பகோணத்தில் மகாமகம். லட்சக்கணக்கில் வரும் வண்டிகளை நகரத்துக்கு வெளியே நிறுத்த இடம் தேடுவார்கள். மகாமகம் மாசியில், வெள்ளம் ஐப்பசி, கார்த்திகையில். மழைக்குத் தண்ணீர் பிடிக்கிற தாழ்ந்த திடல் மாசியில் காய்ந்து கிடக்கும். அதையே வாகன நிறுத்தமாகப் பயன்படுத்தலாம். அந்தச் செலவுக் கணக்கில் உங்கள் ஊராட்சியின் திடலையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. அதற்கு அளவு போட்டு யாராலும் சாக்கடை கட்ட முடியாது. அந்த மாதிரி நாளில் எந்தத் தெரு ஓடையாக மாறலாம், எந்தத் திடல் குளமாகலாம், மின்மாற்றியும் ஆரம்ப சுகாதார நிலையமும் எந்த மேட்டில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்து வைக்கலாம்.

சட்டப்படி முழுமைத் திட்ட வரைவை வெளியிட்ட பிறகு மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் ஆதாரம் தேட நேரம் போதாது, இந்த மழைக்காலத்திலேயே தொடங்குங்கள். கனமழை பெய்த மறுநாள் காலையில் பெயிண்ட் டப்பாவோடு போய், ஒவ்வொரு தெருமுனை மின்கம்பத்திலும் தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. செல்போனில் இடக்குறியோடு படம் எடுங்கள். எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்று நோட்டில் எழுதுங்கள். மழை முடிந்ததும் ஒரு சர்வேயரை வைத்து எல்லாக் கோடுகளின் மட்டத்தையும் எடுத்து, நீலமும் சிவப்பும் போட்ட வாய்க்கால் படத்தோடு சேர்த்துக் கிராம சபையில் தீர்மானமாக்கி, நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் நீர்வளத்துறைக் கோட்டத்திலும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.